டேங்க்கும் மூச்சு விடணுமுங்க!

கார் மைலேஜ் குறைஞ்சு போச்சுன்னு யாராவது வாயைத் திறந்தாப் போதும், சுத்தி இருக்கறவங்ககிட்ட பதில் தயாரா இருக்கு. "எல்லாம் எத்தனால் கலக்கறதாலதான்" என்பார் ஒருத்தர். "பங்க்ல அளவு கம்மிங்க" என்பார் இன்னொருத்தர். சர்வீஸ் சென்டருக்குப் போனா, "சார், இந்தப் பார்ட்டை மாத்திப் பார்ப்போம்" என்பார்கள். மூணுமே நோயைப் பார்க்காம மருந்து எழுதற வேலை. அந்த மருந்துக்கு நகரத்துல இருக்கற நீங்க கொடுக்கற காசைக் கேட்டா, ஒரு ஏக்கர் தென்னைக்கு வருஷத்துக்கும் உரம் வைக்கற எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல எத்தனால் கணக்கை முடிச்சுடலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைவு. நூத்துக்கு 20 பங்கு கலந்தா, மொத்தத்துல ஆறு ஏழு சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொல்லுது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம், 10 சதவீதத்துக்கு வடிவமைச்சு 20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான். எத்தனாலுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. பழைய வண்டியோட ரப்பர் குழாய்க்கு அது என்ன பண்ணும்னு தனியாச் சண்டை போடலாம். ஆனா கணக்கு கணக்குதான். 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15-க்கு வந்தா எத்தனாலைத் திட்டுங்க. 11-க்கு வந்தா, திருடன் வேற எங்கேயோ இருக்கான்.

அவன் எங்கே இருக்கான்னு தேடறதுக்கு முன்னாடி, ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். பெட்ரோல் டேங்க் வெறும் டப்பா கிடையாது, அது மூச்சு விடும். கடையில எண்ணெய் டின்னை உடைக்கறவரைப் பாத்திருப்பீங்க. ஒரு மூலையில எண்ணெய் ஊத்த ஒரு ஓட்டை போடுவார், எதிர் மூலையில இன்னொரு சின்ன ஓட்டை போடுவார். அந்த ரெண்டாவது ஓட்டை இல்லேன்னா எண்ணெய் குபுக் குபுக்னு திக்கும். சொட்டுநீர் மெயின் லைன்ல நாங்க ஏர் வால்வு வைக்கறதும் இதே காரணத்துக்குத்தான். உள்ளே இருக்கறது வெளியே போகணும்னா, அந்த இடத்துக்குக் காத்து வரணும்.

அந்தக் காலத்துக் கார்ல டேங்க் மூடியிலேயே ஒரு ஓட்டை இருக்கும், கதை முடிஞ்சது. ஆனா அந்த ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி ராத்திரி பகலா ஊருக்குள்ள போய்க்கிட்டிருந்தது. புகைமூட்டத்தில் மூச்சுத் திணறின கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களில் இருந்து அதைத் தடுக்கச் சட்டம் வந்துச்சு. இன்னைக்கு உங்க காரிலும் அதே ஏற்பாடுதான் இருக்கு. டேங்க்கில் கிளம்பற ஆவி, கரித்துண்டு நிரப்பின ஒரு டப்பாவுக்குப் போகும். கேனிஸ்டர்னு பேரு. கரி அந்த ஆவியைப் பிடிச்சு வச்சுக்கும். இன்ஜின் சூடாகி ஓடறப்ப பர்ஜ் வால்வுன்னு ஒண்ணு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பி எரிச்சுடும். கேனிஸ்டருக்கு வெளிக்காத்து வர ஒரு வாய் உண்டு. டேங்க் மூச்சை இழுக்கறதும் விடறதும் அந்த வாய் வழியாத்தான்.

இப்ப உங்க பழக்கத்துக்கு வர்றேன். பங்க்ல ஆட்டோ கட் ஆன பிறகும், "ரவுண்ட் பண்ணிடுங்க அண்ணா" என்கிறீர்களே, அந்தப் பழக்கம். 2,873 ரூபாய்ல நின்னதை 3,000 ஆக்கறதுக்குக் கழுத்து வரைக்கும் ஊத்தச் சொல்றீங்க. சில்லறைத் தொல்லை ஒழிஞ்சுதுன்னு உங்களுக்குத் திருப்தி. அந்தக் கடைசி ஒரு லிட்டர் எங்கே போகுதுன்னு யாராவது யோசிச்சீங்களா?

பெட்ரோல், வெப்பம் ஒரு டிகிரி ஏறினா, ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு விரியும். பூமிக்கடியில இருக்கற தொட்டியிலிருந்து குளுமையா வந்த 40 லிட்டர், வெயில்ல நிக்கற கார்ல 15 டிகிரி சூடாச்சுன்னா அரை லிட்டருக்கு மேல பெருகிடும். அதுக்காகத்தான் டேங்க்கில் மேல கொஞ்சம் இடம் விட்டு வடிவமைக்கறாங்க. அந்த இடத்தையும் நீங்க நிரப்பிட்டா, பெட்ரோல் ஆவியா இல்லாம திரவமாவே கேனிஸ்டருக்குள்ள போக வழி பிறக்குது. கரி ஆவியைப் பிடிக்கத்தான் இருக்கு, பெட்ரோலில் ஊறுகாய் போடறதுக்கு இல்லை. ஊறின கரி காலப்போக்குல உடைஞ்சு, பொடியாகி, குழாயில ஏறி, பர்ஜ் வால்வுல போய் உட்கார்ந்துக்கும். வால்வு மூட முடியாம அரைகுறையாத் திறந்தே கிடக்கும். வண்டி நின்னு ஓடறப்பவும் ஆவி இன்ஜினுக்குள்ள போயிட்டே இருக்கும். ஐடில்ல இன்ஜின் தடுமாறும். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அப்புறம்தான் "மைலேஜ் இல்லை" பாட்டு.

கோயமுத்தூர்ல இருக்கற என் பெரியம்மா பையன் வண்டியில நடந்ததைச் சொல்றேன். 16 கொடுத்துட்டிருந்த பெட்ரோல் கார், 11-க்கு இறங்கிடுச்சு. வண்டிக்குள்ள லேசா பெட்ரோல் வாடை வேற. சர்வீஸ்ல முதல் தடவை நாலு ஸ்பார்க் பிளக் மாத்தி, இன்ஜெக்டர் சுத்தம் பண்ணினாங்க. ரெண்டாவது தடவை ஆக்ஸிஜன் சென்சார். மூணாவது தடவை டேங்க்கை இறக்கி பெட்ரோல் பம்ப்பையே மாத்தினாங்க. மொத்தம் 22,000 ரூபாய்க்கு மேல. மைலேஜ் 11-லிருந்து 11-க்கு வந்துச்சு. கடைசியில, "இப்ப வர்ற பெட்ரோலே அப்படித்தான் சார்" என்று கையை விரிச்சுட்டாங்க.

நோம்பிக்கு வந்தப்ப எங்க பக்கத்து டவுன்ல இருக்கற பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடலை. மூணே கேள்வி கேட்டார்: "மூடி திறக்கறப்ப சத்தம் வருதுங்களா? பங்க்ல நாசில் படக் படக்னு கட் ஆகுதுங்களா? கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினா எந்த வீல் சூடா இருக்குன்னு பாத்தீங்களா?" மூணு கேள்விக்கும் என் தம்பிகிட்ட பதில் இருந்துச்சு. ஆனா அதுவரைக்கும் அவனை யாருமே அதைக் கேட்கலை!

மூடி திறந்தா 'ஸ்ஸ்ஸ்'னு காத்தை உள்ளே இழுத்துச்சு. ஒரிஜினல் மூடியை எங்கேயோ பங்க்ல தொலைச்சுட்டு, கடையில கிடைச்ச ஏதோ ஒண்ணைப் போட்டிருக்கான். அதுல காத்து உள்ளே விடற சின்ன வால்வே இல்லை. கேனிஸ்டரோட வெளிக்காத்து வாயில குளவி மண் கூடு கட்டி அடைச்சிருந்துச்சு. பர்ஜ் வால்வுல கரிப்பொடி. இது போக, ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, பின் வீல் ஒண்ணு எப்பவும் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு. பெரிய திருடன் அந்த பிரேக்தான். கேனிஸ்டர் பக்கம் இருந்தவன் அவனோட கூட்டாளி. வால்வு, கேனிஸ்டர், மூடி மாத்தி, கேபிளைச் சரி பண்ணி ஓட்டினதுல 15 வந்துச்சு. மிச்சம் இருக்கற அந்த ஒரு கிலோமீட்டரை வேணும்னா எத்தனால் கணக்குல எழுதிக்கலாம்.

குளவி கூடு கட்டினதெல்லாம் கிராமத்துக் கதைன்னு சிரிக்காதீங்க. 2011-ல் மாஸ்டா கம்பெனி வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைச்சுது. காரணம் சிலந்தி. கேனிஸ்டர் காத்துக் குழாயில வலை பின்னி மூச்சை அடைச்சா, டேங்க்குக்குள்ள இழுவை அதிகமாகி டேங்க்கே விரிசல் விடலாம்னு பயந்தாங்க. அத்தனை பெரிய கம்பெனி ஒரு சிலந்திக்காகக் காரைத் திரும்ப வாங்கிப் பார்க்குது. இங்கே அந்தக் குழாய் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்க்காமலே பெட்ரோல் பம்ப்பை மாத்தறாங்க.

சரி, நீங்களா என்ன பார்க்கலாம்?

முதல்ல அளங்க. ஒரே பங்க், முடிஞ்சா ஒரே மெஷின், முதல் ஆட்டோ கட்டோட நிறுத்துங்க. 300, 400 கிலோமீட்டர் ஓட்டிட்டு, திரும்ப முதல் கட் வரைக்கும் போட்டு, லிட்டரால வகுங்க. மூணு தடவை எழுதி வைங்க. ஒரு தடவை ரவுண்ட் பண்ணி, அடுத்த தடவை பண்ணாம விட்டா, அந்தக் கணக்கு குப்பை.

அடுத்து, டேஷ்போர்டு காட்டற மைலேஜை இதோட ஒப்பிடுங்க. அந்தக் கணக்கு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்துதுன்னு வச்சுப் போடறது. இன்ஜெக்டர் வழியா வராத பெட்ரோல், அதாவது ஒழுகிப் போனதும் பர்ஜ் வால்வு வழியா ஆவியாப் போனதும், அந்தக் கணக்குலயே வராது. ரெண்டுக்கும் எப்பவும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அது சகஜம். ஆனா அந்த இடைவெளி மாசத்துக்கு மாசம் அகலமாச்சுன்னா, டேங்க் பக்கம் தேடுங்க. ரெண்டும் சேர்ந்தே விழுந்தா டயர் காத்து, பிரேக், ஏர் ஃபில்டர், தெர்மோஸ்டாட் பக்கம் தேடுங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு கழட்டி எறியற புண்ணியவான்கள் இன்னும் இருக்காங்க. இன்ஜின் சூடாகவே ஆகாட்டி, கம்ப்யூட்டர் அதைக் குளிர்னு நினைச்சு பெட்ரோலை அள்ளி அள்ளி ஊத்தும்.

மூடி திறக்கறப்ப காது கொடுங்க. வெயில்ல நின்ன வண்டியில லேசா காத்து வெளியே வந்தாப் பயப்பட வேண்டாம். ரொம்ப தூரம் ஓட்டின பிறகு, ஒவ்வொரு தடவையும் பலமா உள்ளே இழுத்தா, வெளிக்காத்து வாய் அடைச்சிருக்கு. ஓடற வண்டி நின்னுபோய், மூடியைத் திறந்து மூடின பிறகு ஸ்டார்ட் ஆச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

பங்க்ல நாசில் அடிக்கடி கட் ஆனா, அங்க நிக்கற பையன்மேல எரிஞ்சு விழாதீங்க. நாசில் நுனியில இருக்கற சின்ன ஓட்டையைப் பெட்ரோல் மூடினா அது தானா நிக்கும். எல்லா பங்க்லயும் இப்படி ஆனா, உங்க டேங்க்ல இருந்து காத்து வெளியே வர முடியாம பெட்ரோல் எதிர்த்து நிக்குதுன்னு அர்த்தம்.

பர்ஜ் வால்வை மெக்கானிக் முன்னாடி நின்னு சோதிக்கச் சொல்லுங்க. காலையில முதல் ஸ்டார்ட்ல, இன்ஜின் சூடாகறதுக்குள்ள, கேனிஸ்டர்லேருந்து வால்வுக்கு வர்ற குழாயைக் கழட்டி வால்வு வாயில விரலை வச்சா, இழுவை இருக்கக்கூடாது. இருந்தா வால்வு மூடலை. ரெண்டு நிமிஷ வேலை. திறந்த வெளியில, பீடி சிகரெட் இல்லாத இடத்துல செய்யணும். டேங்க்குக்குள்ள கம்ப்ரெஸர் காத்து அடிக்க யாரையும் விடாதீங்க.

"ஸ்கேனர்ல எதுவும் காட்டலையே சார்" என்பார்கள். டேங்க் அழுத்தத்தைப் பார்க்கற சென்சாரே இல்லாத வண்டியில ஸ்கேனர் எதைக் காட்டும்? ஸ்கேனர் தன்கிட்ட இருக்கற சென்சார் சொல்றதை மட்டும் சொல்லும். குளவிக் கூட்டுக்கு அதுல நம்பர் கிடையாது.

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லி நான் முடிக்கப் போறதில்லை. அரை மணி நேரம் யோசிச்சு, "ஒண்ணுமில்லைங்க, குழாய் அடைச்சிருக்கு" என்று சொல்றவருக்கு 500 ரூபாய் கொடுக்க உங்களுக்கு மனசு வர்றதில்லை. "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு காசு?" என்று கேட்கறீங்க. அதே ஆள் பளபளன்னு ஒரு பெட்டியைக் காட்டி 9,000 ரூபாய் பில் போட்டா, கார்டைத் தேய்ச்சுட்டுப் போறீங்க. நீங்க எதுக்குக் காசு கொடுக்கறீங்களோ, அதைத்தான் அவங்க விப்பாங்க. எங்க ஊர்லயும் இதே வியாதிதான். தென்னை ஓலை மஞ்சளாச்சுன்னா, மண்ணையும் வேரையும் பார்க்காம, மருந்துக்கடைக்காரர் எடுத்து வச்ச மூணு பாட்டிலை வாங்கி ஊத்தறவங்க இங்கேயும் நிறைய.

அதனால அடுத்த தடவை யாராவது "மாத்திப் பார்ப்போம்" என்று சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதை அளந்து பாத்து இதைச் சொல்றீங்க?" பதில் வந்தா தாராளமா மாத்துங்க. வரலைன்னா சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க. கண்டுபிடிச்சுச் சொல்றவருக்குக் கூலியைக் கையில கொடுங்க. பங்க்ல முதல் கட்டோட நிறுத்துங்க. 2,873 ரூபாயை ஃபோன்லயே அனுப்பிடலாம், அதுக்கு யாரும் சில்லறை கேட்கறதில்லை.