எல்லை தாண்டும் ஆலைகள்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தடாவை ஒட்டி மேற்கே திரும்பினால் வருவது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். இப்போது அது ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முந்தைய வரலாறு ஒன்று உண்டு. ஸ்ரீசிட்டியை உள்ளடக்கிய சத்தியவேடு வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. படாஸ்கரின் பரிந்துரையை ஏற்று நாடாளுமன்றம் 1959-இல் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழர் பக்கம் வந்தது. ஈடாகச் சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் வெற்றியாகத் திருத்தணி பேசப்பட்ட அளவுக்கு, கைவிட்டுப் போன சத்தியவேடு பேசப்பட்டதில்லை. அன்று அது வானம் பார்த்த பூமி. இன்று அங்கே லட்சக்கணக்கில் செல்லிடப்பேசிகள் உருவாகின்றன.

இதைப் பழைய எல்லைச் சண்டையைப் புதுப்பிப்பதற்காக நினைவூட்டவில்லை. எல்லைக்கோடு நகர்ந்தபோது ஊர்கள் மாநிலம் மாறின. இப்போது எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது. ஆலைகள்தான் மாநிலம் மாறிக் கொண்டிருக்கின்றன. அந்த மாற்றத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது தில்லியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகிலேயே மிகப் பெரிய செல்லிடப்பேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 2013-இல் வருமான வரித் துறையுடன் எழுந்த வழக்கில் அதன் சொத்துகள் முடக்கப்பட்டன. அடுத்து மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரிக் கோரிக்கையும் சேர்ந்து கொண்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்லிடப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேர முடியாமல் தனித்து விடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. நோக்கியாவுக்குப் பாகங்கள் தயாரித்துக் கொடுத்து வந்த ஃபாக்ஸ்கான், டிசம்பரில் தனது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மூடியது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தை நம்பித் தங்கையின் படிப்பையும் வீட்டுக் கடனையும் சுமந்திருந்த இளம்பெண்கள் விருப்ப ஓய்வுத் தொகையுடன் ஊர் திரும்பினார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு என்பது இந்தத் தொழில் தமிழுக்குத் தந்த புதிய பொருள்.

எட்டு மாதங்கள் கூட ஆகவில்லை. 2015 ஆகஸ்டில் அதே ஃபாக்ஸ்கான், நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள ஸ்ரீசிட்டியில் சீனாவின் ஷாவ்மி நிறுவனத்துக்காக அறிதிறன்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஆலையில் உருவான முதல் ரெட்மி பேசியை விசாகப்பட்டினத்தில் முதல்வர் சந்திரபாபு நாயுடு முன்னிலையில் அறிமுகப்படுத்தினார்கள். மாநிலப் பிரிவினையில் ஹைதராபாதை இழந்து நின்ற ஆந்திரத்துக்கு ஒரு மின்னணுத் தொழில் தேவைப்பட்டது. நோக்கியாவை இழந்த ஃபாக்ஸ்கானுக்கு ஒரு புதிய வாடிக்கையாளரும் புதிய இடமும் தேவைப்பட்டன. தமிழகம் அனுபவித்ததை ஆந்திரம் தட்டிப் பறித்தது என்று அப்போது எழுந்த புலம்பல் பாதி உண்மைதான். வரி வழக்கும், நோக்கியாவின் வணிகச் சரிவும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால், ஆந்திரத்துக்கும் எல்லாம் கைகூடி விடவில்லை. 2015 அக்டோபரில் அமராவதிக்கு அடிக்கல் நாட்டிய அதே நாளில், திருப்பதியில் செல்லிடப்பேசி, மின்னணு உற்பத்தி மையத்துக்கும் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். ரேணிகுண்டா விமான நிலையத்தை ஒட்டி அமைந்த அந்த வளாகம் செல்கான், மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற இந்திய நிறுவனங்களை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது. செல்கான் ஆலை 2017-இல் திறக்கவும் பட்டது. அதற்குள் காலம் அவர்களை முந்தி விட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியதும், மூன்றாம் தலைமுறைக் கருவிகளைக் கிடங்கில் குவித்து வைத்திருந்த இந்திய நிறுவனங்கள் தடுமாறின. நான்காம் தலைமுறைக் கருவிகளுடன் தயாராக இருந்த சீன நிறுவனங்கள் இரண்டே ஆண்டுகளில் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்துக் கொண்டன. 2018-இல் திருப்பதிக்கு அறிவிக்கப்பட்ட ரிலையன்ஸ் மின்னணு ஆலையும் எழவில்லை.

இங்கேதான் ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமேயான சாதாரணப் பேசியிலிருந்து உலகம் அறிதிறன்பேசிக்கு மாறியபோது நோக்கியா வீழ்ந்தது. மூன்றாம் தலைமுறை நான்காம் தலைமுறைக்கு வழிவிட்டபோது திருப்பதிக்கு வரவிருந்த இந்திய நிறுவனங்கள் வீழ்ந்தன. ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபரில் வந்து விட்டது; ஆறாம் தலைமுறைக்கான ஆய்வுகள் நடக்கின்றன. கம்பியில்லாத் தொழில்நுட்பம் தலைமுறை மாறும்போதெல்லாம் வணிகப் பெயர்கள் மறைகின்றன. அந்தப் பெயர்களை நம்பி வெறும் பொருத்தும் கூடமாக எழுப்பப்பட்ட ஆலைகள் காலியாகின்றன. எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த கருவியானாலும் அதற்கு மின்கலம் வேண்டும், கேமரா வேண்டும், திரை வேண்டும், மின்னேற்றி வேண்டும். இவற்றைத் தயாரிக்கும் ஆலைகளுக்கே ஆயுள் கெட்டி. மூடிக் கிடந்த நோக்கியா வளாகத்தையே பார்க்கலாம். அதை 2019-இல் வாங்கியது மின்னேற்றி தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம். மறு ஆண்டே அங்கு உற்பத்தி தொடங்கியது.

திருப்பதியும் சற்றுத் தாமதமாக இந்த வழிக்கு வந்திருக்கிறது. திரை தயாரிப்புக்காகச் சீனாவின் டிசிஎல் குழுமம் 2018-இல் அங்கு அடிக்கல் நாட்டியது. ஐபோனுக்கான மின்கம்பிகளைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்லிங்க் ஆலை வந்தது. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் ரூ.165 கோடியில் நிறுவிய லித்தியம் மின்கல ஆலையை 2022 செப்டம்பரில் மத்திய இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் பார்வையிட்டார். நாளொன்றுக்கு 20,000 மின்கலங்கள் என்பது அதன் திறன். மின்கலத்துக்கு ஏறத்தாழ முழுமையாகச் சீனாவையும் தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் நம்பியிருந்த நாட்டில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், பல கோடி ரூபாய் விளம்பரத்துடன் வெளியாகும் ஒரு புதிய அறிதிறன்பேசியைவிட இந்தச் சிறிய ஆலை முக்கியமானது.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளிக்கும் பதில்களில் பெருமிதம் தெரிகிறது. 2014-15-இல் ரூ.18,900 கோடியாக இருந்த செல்லிடப்பேசி உற்பத்தி 2024-25-இல் ரூ.5.45 லட்சம் கோடியாகி விட்டது. ரூ.1,500 கோடியாக இருந்த ஏற்றுமதி ரூ.2 லட்சம் கோடி ஆகியிருக்கிறது. இரண்டு ஆலைகள் முந்நூறாகப் பெருகியிருக்கின்றன. இது சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கும் உலக ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா கையெழுத்திட்டதன் விளைவாக முடங்கிப் போன ஒரு தொழில், உயர்த்தப்பட்ட சுங்க வரியாலும் 2020-இல் வந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையாலும் மீண்டு எழுந்திருக்கிறது. கையடக்கக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் அந்த மீட்சி இன்னும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் அவற்றின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று திடீரென அறிவித்து விட்டு, இரண்டே நாளில் அதை மத்திய அரசு தள்ளி வைக்க நேர்ந்ததே அதற்குச் சான்று. இத்தனைக்கும், ஐபோன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்துக் காட்டிய நாடு இது. வடிவமைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாகங்களைச் செய்து தரவும் வாங்கவும் ஆளில்லை.

குறையைத் திருத்தும் முயற்சியாக மத்திய அமைச்சரவை 2025 மார்ச் 28-ஆம் தேதி மின்னணுப் பாகங்கள் உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அப்போது ஒதுக்கிய தொகை ரூ.22,919 கோடி. அடுத்த மாதமே மத்திய அரசு தரும் ஊக்கத்தொகைக்கு இணையான தொகையைத் தாமும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆந்திர அரசும் அதே ஆண்டில் அதே வழியில் இறங்கியது. ஒரே ஆலைக்கு இரண்டு மாநிலங்கள் ஏலம் கூறும் நிலை இது. நிலம், மின்சாரம், முத்திரைத்தாள் கட்டணம் என எல்லாவற்றிலும் சலுகை கொடுத்து முடிந்த பிறகு, விட்டுக்கொடுக்க மாநிலங்களிடம் மீதமிருப்பது என்ன? தொழிலாளியின் நேரம்தான்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழக சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்த நிலையில் நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுக்கவே மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை நாளொன்றுக்கு 9 மணி நேரமாக இருந்த உச்சவரம்பை 10 ஆக உயர்த்தத் தீர்மானித்தது. கூடுதல் பணி நேர வரம்பையும் ஏற்றியது. பெண்களின் ஒப்புதலும் போக்குவரத்து வசதியும் இருந்தால் இரவுப் பணிக்கு அமர்த்தலாம் என்றது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறவில்லை என்பது அரசின் விளக்கம். விடியலுக்கு முன் நிறுவனப் பேருந்தைப் பிடித்து, இருட்டிய பிறகு ஊர் திரும்பும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் விலை, வாரக் கணக்கில் தெரியாது.

தமிழகம் இந்தப் பாடத்தைக் கசப்பாகவே கற்றது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான், ஒரே அறையில் எத்தனை பேர் தரையில் படுத்துறங்கினார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அதற்குப் பிந்தைய விளைவுகளில் ஒன்று, வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த, 18,720 பேர் தங்கும் விடுதி. மாநிலங்கள் போட்டியிடட்டும், இப்படிப் போட்டியிடட்டும். திருப்பதி ஃபாக்ஸ்லிங்க் ஆலையில் 2023 பிப்ரவரியில் பெருந்தீ மூண்டபோது தொழிலாளர்கள் உயிர் தப்பியது பெரும் ஆறுதல். தீத்தடுப்பும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையும்கூட முதலீட்டாளருக்குக் காட்டும் பட்டியலில் இடம்பெறலாமே.

சித்தூர் மாவட்டம் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்குப் புதிதன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் குப்பத்தில் 2002-இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சுயஉதவிக் குழுப் பெண்களிடம் டிஜிட்டல் கேமராவையும் சூரிய ஒளியில் இயங்கும் அச்சுப்பொறியையும் கொடுத்தார்கள். கிராமத்தில் படமெடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்து, அந்தப் பெண்கள் சம்பாதித்தார்கள். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் நிறுவனம் விலகிக் கொண்டது. அன்று கேமராவைக் கையில் பிடித்துத் தனக்கென்று ஒரு தொழில் கண்ட பெண்ணின் மகள் இன்று கேமராப் பாகத்தைக் கருவியில் பொருத்தும் வேலைக்குப் போகக்கூடும். மாதச் சம்பளம் நிச்சயம். எத்தனை மாதங்களுக்கு என்பதுதான் நிச்சயமில்லை.

மத்திய அரசின் பாகங்கள் உற்பத்தித் திட்டத்திலேயே ஊக்கத்தொகையின் ஒரு பகுதி வேலைவாய்ப்பு இலக்குடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். எத்தனை பேர் என்று எண்ணினால் மட்டும் போதாது. எத்தனை ஆண்டுகள் என்றும் எண்ண வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் பேரைச் சேர்த்து ஆயிரம் பேரை அனுப்பும் ஆலையும், ஆயிரம் பேரை ஐந்தாண்டுகள் வைத்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுக்கும் ஆலையும் ஒரே தொகையைப் பெறக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதை முறைப்படுத்தி, ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை என்றும் கூறுகின்றன. அந்த ஓராண்டு நிறைவதற்குள் எத்தனை பேர் அனுப்பப்படுகிறார்கள் என்ற கணக்கை ஊக்கத்தொகை பெறும் ஒவ்வோர் ஆலையிடமும் கேட்டு வாங்கி, மின்னணு அமைச்சகம் அவையில் வைக்க வேண்டும். சலுகை பெற்றுக்கொண்டு மூடும் ஆலை, எஞ்சிய காலத்துக்கான தொகையைத் தொழிலாளருக்குத் திருப்பித் தரும் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரு மாநிலங்களும் குறைந்தபட்சப் பணி நிலைகளில் உடன்பாடு கண்டு, அதற்குக் கீழே எந்த நிறுவனத்துக்கும் சலுகை இல்லை என்று அறிவிக்கலாம்.

கேள்வி நேரத்தில் உற்பத்தி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு, ஆலைகள் எத்தனை என்பவற்றுக்கு அமைச்சகம் மகிழ்ச்சியுடன் பதில் தருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஸ்ரீசிட்டியிலும் திருப்பதியிலும் மூன்றாண்டுகளுக்கு முன் வேலையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள்? இதைக் கேட்பதற்குத் தமிழகத்திலிருந்து 39 பேரும் ஆந்திரத்திலிருந்து 25 பேரும் மக்களவையில் அமர்ந்திருக்கிறார்கள்.