கதவைத் திறந்து விடுவது யார்?

இரவு படுக்கப் போகுமுன் வாசற்கதவைத் தாழிட்டோமா என்று ஒரு தடவை பார்க்காத வீடு கிடையாது. பீரோச் சாவியைப் பத்திரப்படுத்தாத தாய் கிடையாது. ஆனால் அதே வீட்டில், மேஜை மேல், இன்னொரு கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது!

அதுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்.

"அதில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். எவ்வளவோ இருக்கிறது! மகளின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. மகன் எழுதிய பாடங்கள் இருக்கின்றன. நிலப் பத்திரத்தின் நகல் இருக்கிறது. பேங்க் கணக்கைத் திறக்கும் ரகசிய வார்த்தை இருக்கிறது. பீரோவில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

வைரஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் கட்டளைப்படி நடக்கும் எந்திரம். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்குப் "புரோகிராம்" என்று பெயர். கணக்குப் போட ஒரு புரோகிராம். படம் காட்ட ஒரு புரோகிராம். கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராமை "மால்வேர்" என்கிறார்கள். பொதுமக்கள் எல்லாவற்றையும் சேர்த்து "வைரஸ்" என்றே சொல்கிறார்கள்.

1986-ம் ஆண்டில் "பிரெயின்" என்ற வைரஸ் தோன்றியது. பாகிஸ்தானில் லாகூர் நகரில் கம்ப்யூட்டர் தொழில் செய்து வந்த அண்ணன் தம்பி இருவர் அதை எழுதினார்கள். அதற்குள் தங்கள் பெயரையும், விலாசத்தையும், போன் நம்பரையும்கூட எழுதி வைத்திருந்தார்கள்!

இன்று வைரஸ் எழுதுகிறவர்கள் விலாசம் எழுதுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். ஒரு வகை வைரஸ், ரகசிய வார்த்தைகளைத் திருடி அனுப்பும். இன்னொரு வகை, படங்களையும் கடிதங்களையும் பூட்டி வைத்துக்கொண்டு, "பணம் கொடுத்தால்தான் திறப்பேன்" என்று மிரட்டும். மற்றொரு வகை சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரருக்கே தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு பிறரைத் தாக்கும்.

இவை உள்ளே வருவது எப்படி? பெரும்பாலும் சுவர் ஏறிக் குதித்து வருவதில்லை. வீட்டில் இருப்பவர்களே கதவைத் திறந்து விடுகிறார்கள். திறக்க வைப்பவர்கள் மூன்று பேர். ஒன்று ஆசை. இரண்டு பயம். மூன்று அசட்டை.

ஆசை காட்டி மோசம்

2000-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி உலகம் முழுவதும் ஒரு ஈ-மெயில் பறந்தது. தலைப்பு என்ன தெரியுமா? "ஐ லவ் யூ!" கூடவே ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. தெரிந்தவர் பெயரிலேயே வந்ததால், யாரோ நம்மைக் காதலிக்கிறார்கள் என்று பலரும் திறந்து பார்த்தார்கள்.

அது கடிதமே இல்லை, புரோகிராம்! திறந்தவர்களின் படங்களை அழித்தது. அவர்களுடைய விலாசப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அதே கடிதத்தை அவர்கள் பெயரிலேயே அனுப்பியது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில்கூட ஈ-மெயிலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அதை எழுதியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு வாலிபர் ஒருவர். இண்டர்நெட்டுக்குக் கட்டப் பணம் இல்லாமல், பிறருடைய ரகசிய வார்த்தையைத் திருடுவதற்காகவே எழுதியதாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக் கொண்டார். அப்போது அந்த நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாததால் அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

இன்று காதல் கடிதத்துக்குப் பதிலாக வேறு வடை பொறியில் தொங்குகிறது. நேற்று வந்த சினிமா, இன்று இலவசம்! விலை கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம், சும்மா கிடைக்கிறது! அந்தப் பக்கத்தைத் திறந்தால் "டவுன்லோடு" என்று நாலைந்து பொத்தான்கள் இருக்கும். எது உண்மை, எது பொய் என்று தெரியாது. ஏதாவது ஒன்றை அழுத்தினால் படம் வராது, வைரஸ் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பைலின் பெயருக்கும் ஒரு வால் இருக்கிறது. சினிமாப் படத்தின் வால் பெரும்பாலும் "எம்.பி.4" என்று இருக்கும். "இ.எக்ஸ்.இ." என்று முடிந்தால் அது புரோகிராம். "சினிமா" என்று சொல்லி இ.எக்ஸ்.இ. வாலோடு ஒன்று வந்தால், அது நிச்சயமாக மோசடிதான். விண்டோஸ் கம்ப்யூட்டர் வழக்கமாக இந்த வாலை மறைத்து வைக்கும். காதல் கடித வைரஸ் ஏமாற்றியதும் இந்த வாலை மறைத்துத்தான். வாலைக் காட்டும்படி கம்ப்யூட்டரில் மாற்றி வைத்துக் கொள்வது நல்லது. விவரம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

பயம் காட்டும் பேர்வழிகள்

ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே திரை முழுவதும் சிவப்பாகும். சங்கு ஊதுவது போல் சத்தம் கேட்கும். "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்! அணைக்காதீர்கள்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்!" என்று எழுத்துக்கள் ஓடும்.

அத்தனையும் பொய்! வெறும் ஓர் இணையப் பக்கத்தால் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்க முடியாது. கம்ப்யூட்டரில் உள்ள உண்மையான காவல் புரோகிராம் எதுவும், போன் நம்பர் கொடுத்துப் பேசச் சொல்லாது.

பயந்து போன் செய்தால் என்ன ஆகும்? மறுமுனையில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். "ஒரு சின்ன புரோகிராமைப் போடுங்கள், நாங்களே சரி செய்கிறோம்" என்பார்கள். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம் அது. அதைப் போட்டால் வீட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்தது போலத்தான்.

சமீப காலத்தில் இன்னொரு தந்திரம் கிளம்பியிருக்கிறது. "நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபியுங்கள்" என்று ஒரு கட்டம் வரும். விண்டோஸ் சாவியையும் "ஆர்" சாவியையும் சேர்த்து அழுத்தச் சொல்லும். பிறகு, "கண்ட்ரோல்", "வி" சாவிகளை அழுத்தச் சொல்லும். கடைசியில் "எண்டர்" தட்டச் சொல்லும். தட்டினால், வைரஸை வரவழைக்கும் கட்டளையை நம் கையாலேயே கொடுத்து விடுவோம்! படங்களில் பஸ்ஸையும் சைக்கிளையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வது சாதாரணச் சோதனை. இப்படிச் சாவிகளை அழுத்தச் சொல்வது மோசடி.

இம்மாதிரி சமயத்தில் என்ன செய்ய வேண்டும்? எதையும் அழுத்தக் கூடாது. அந்தப் பக்கத்தை மூட வேண்டும். மூட முடியவில்லையா? கம்ப்யூட்டரின் பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். மறுபடி திறக்கும்போது, "பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டு வரவா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

அசட்டை செய்த பலன்

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி. "வான்னாகிரை" என்ற வைரஸ் கிளம்பியது. "அழ வேண்டுமா?" என்று அதற்குப் பொருள். உலகமே அழுதது! சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் தத்தளித்தன. ஆபரேஷன்கள் ரத்தாயின. ஆம்புலன்ஸ்கள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பி விடப்பட்டன.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் வாலிபர் அந்த வைரஸை ஆராய்ந்தார். அதற்குள் ஒரு விசித்திரமான இணைய விலாசம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த விலாசத்தை அவர் தன் பெயரில் பதிவு செய்தார். வைரஸ் பரவுவது நின்றது!

இந்த வைரஸை யாரும் "கிளிக்" செய்து வரவழைக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது தானே நுழைந்தது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதம் 14-ந் தேதியே வெளியிட்டு விட்டது. இரண்டு மாதம் முன்பே பூட்டு வந்து விட்டது. வாங்கி மாட்டாதவர்கள்தான் மாட்டிக் கொண்டார்கள்.

"அப்டேட்" என்று கம்ப்யூட்டர் கேட்பது இந்தப் பூட்டைத்தான். "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடக் கூடாது. இணையம் பார்க்கும் "பிரவுசர்" புரோகிராமுக்கும் இது பொருந்தும். ஆனால் ஏதோ ஓர் இணையப் பக்கம் "அப்டேட் செய்" என்று சொன்னால் நம்பக் கூடாது. கம்ப்யூட்டரின் சொந்த அமைப்புக்குள் போய்த்தான் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்து விட்டது. அதை வைத்திருப்பவர்கள் புதியதற்கு மாறுவதே பாதுகாப்பு.

வீட்டுக்கு நாலு காவல்

முதல் காவல்: விண்டோஸிலேயே "டிபெண்டர்" என்ற காவல்காரன் இலவசமாக இருக்கிறான். அவனை அணைத்து வைக்கக் கூடாது. "இந்தப் புரோகிராமைப் போடுவதற்கு முன் டிபெண்டரை அணையுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்லும் திருடர்!

இரண்டாவது: குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். புதிய புரோகிராம் போடும் அதிகாரம் பெரியவர்கள் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது: முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டி விடும்.

நாலாவது: எச்சரிக்கையைத் தமிழில் படிக்க வேண்டும். இது மிக முக்கியம். ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறது, புரியவில்லை, "எஸ்" என்று அழுத்தித் தொலைக்கிறார்கள். இதனால் வந்த கேடு கொஞ்சமல்ல. விண்டோஸும், பிரவுசரும் தமிழிலேயே பேசும்படி மாற்ற முடியும். கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்கள், கேட்பவர்களுக்குத் தமிழ் போட்டுக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்களும் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும்.

திட்டாதீர்கள்!

இவ்வளவு செய்தும் ஒரு நாள் தவறு நடக்கலாம். பையன் எதையோ அழுத்தி விடுவான். தாத்தா பயந்து போன் செய்து விடுவார். அப்போது வீட்டில் என்ன நடக்கிறது? "உனக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" என்று திட்டு விழுகிறது. அடுத்த தடவை அவர்கள் வாயே திறப்பதில்லை. மறைத்து விடுகிறார்கள். திருடனுக்கு வேண்டியது அதுதான். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம்.

ஆகவே, சொன்னவரைத் திட்டக் கூடாது. "சொன்னாயே, நல்லது" என்று தட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு வேலையில் இறங்க வேண்டும். முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். டிபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை நடத்த வேண்டும். ஈ-மெயில், பேங்க் ரகசிய வார்த்தைகளை வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் பேங்குக்கும், 1930 என்ற நம்பருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

வைரஸை நீக்க உதவும் இலவசப் புரோகிராம்களைத் தருவதற்காக மத்திய அரசு 2017-ம் ஆண்டில் "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" என்ற மையத்தைத் தொடங்கியது. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் அவன் திறந்து விடுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தால் போதும் என்று வீடு நினைக்கக் கூடாது. பிள்ளை கல்லூரிக்குப் போன நேரத்தில்தான் அந்தச் சிவப்புத் திரை வரும். பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் ஒரே பாடம் தெரிந்திருக்க வேண்டும். புரியாததை அழுத்தாதே. அவசரப்படுத்தினால் நம்பாதே. தவறு நடந்தால் மறைக்காதே.

இந்த மூன்றையும் இன்றைக்கே வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிக் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஏற்ற நாள்.