பருத்தி மாருக்கும் ஒரு காலம் வரும்; விலை யாருக்குப் போகும்?

பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலை நம் மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். புது மேன்டிலைக் கட்டித் தீ வைத்தால் நூல் எரிந்துபோகும்; பின்னல் மட்டும் வெள்ளைச் சாம்பலாக அப்படியே நிற்கும். ஆஸ்திரிய நாட்டு ரசாயன அறிஞர் வெல்ஸ்பாக் 1885-இல் தொடங்கி, 1891-இல் செம்மைப்படுத்திய முறை இது. பருத்தி நூல் வலையைத் தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தினார். நூல் அச்சாக நின்று, தான் அழிந்து, தன் வடிவத்தை உலோகச் சாம்பலுக்குக் கொடுத்தது.

இதே தத்துவத்தை இன்று மிக நுண்ணிய அளவில் கையாளுகிறார்கள். 2003-இல் ஜப்பானில் குனிதாகே, ஹுவாங் என்ற விஞ்ஞானிகள் வடிதாளின் நார்களுக்கு டைட்டானியம் பூச்சு கொடுத்து, பிறகு தாளை எரித்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்களாக நாரின் நகல் கிடைத்தது. இத்தகைய பொருள்கள் மின்கலத்துக்கும், வாயுக்களைக் கண்டறியும் கருவிக்கும், அழுக்கு நீரைச் சுத்தம் செய்யவும் உதவும் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

இதற்கு அச்சாவது செல்லுலோஸ் என்னும் நார்ச்சத்து. பஞ்சில் இது நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உண்டு. பருத்தி மார், வைக்கோல், கரும்புச் சக்கை, வாழை நார் எல்லாவற்றிலும் உண்டு. ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இழைகள் சேர்ந்துதான் நார் ஆகிறது. அந்த நேர்த்தியை எந்த எந்திரமும் எளிதில் செய்துவிட முடியாது. பயிர் அதைச் சூரிய ஒளியில் சும்மா செய்து தருகிறது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், விதையில் ஒட்டி நிற்கும் குறும்பஞ்சிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்க 2015-இல் முன்னோடி ஆலை அமைத்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் நானோ அறிவியலுக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது.

இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். மேன்டிலின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. தோரியம் உள்ள மோனசைட் மணல் திருவிதாங்கூர் கடற்கரையில் கிடந்தது; இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் அதில் சேர்த்தி. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதை அடையாளம் கண்டார். மணல் கப்பலேறியது, மேன்டில் விலைக்கு வந்தது. நாரும் நாளை அதே வழியில் போனால், மார் அள்ளிய கூலிகூட நமக்கு மிஞ்சாது.

ஆகவே சில காரியங்கள் இப்போதே நடக்க வேண்டும். முதலாவது, மாரைப் பொடித்து, நாரைப் பிரித்துக் கூழாக்கும் முதற்கட்ட வேலை பருத்தி விளையும் வட்டாரத்திலேயே நடக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ அதை நடத்த அரசு கடனுதவி செய்ய வேண்டும். இதற்குக் காரமும் தண்ணீரும் நிறையத் தேவை. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லாத ஆலையை எந்த ஊரும் ஏற்கக்கூடாது. இரண்டாவது, ஆராய்ச்சி நிலையங்கள் எந்தத் தரத்தில், எவ்வளவு ஈரத்தில் சரக்கு வேண்டும் என்பதை விவசாயிக்குப் புரியும்படி அறிவிக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. மண்ணும் பாலிதீனும் கலந்த சரக்குக்கு விலை கிடைக்காது. அறுவடை முடிந்த மாரை வயலோரம் குவித்து வைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்கும் தங்கிவிடும். பிடுங்கியதும் பொடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிடவும் கூடாது. மண்ணுக்குச் சேர வேண்டிய மக்கை மண்ணுக்குக் கொடுத்த பிறகே மிச்சத்துக்கு விலை பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நானோ என்ற பெயரைச் சொல்லி முன்பணம் கேட்டு வருகிறவர்களிடம் ஏமாற வேண்டாம். இதற்குத் தேவைப்படும் நாரின் அளவு இன்று மிகக் குறைவு. நாளைக்கே விலை ஏறிவிடாது. ஆனால் ஆலை எங்கே அமையும், யாருக்குச் சொந்தமாகும் என்ற தீர்மானங்கள் சந்தை பெருகுவதற்கு முன்பே ஆகிவிடும். விவசாயிகளின் சங்கங்கள் அந்தப் பேச்சில் இப்போதே இடம் கேட்க வேண்டும்.