மாத்திரையை நிறுத்திய பெரியவர்

நெய்வேலி நகரியத்து ஊழியர் குடும்பங்களுக்கு என்எல்சி பொது மருத்துவமனை பக்கபலம். ஆனால் சுற்றுக் கிராமங்களில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் முதல் முகம் செவிலியர்தான். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்தக் கவனிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நல்லதுதான். ஆனால் பிரஷர் பார்ப்பது சுலபம். மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பெரியவரிடம் கோபப்படாமல் காரணம் கேட்டு, மறுபடி விழுங்க வைப்பது தனிக் கலை. வார்டு அனுபவம் மட்டும் அதைச் சொல்லித் தராது. வார்டில் சந்தேகம் வந்தால் டாக்டர் பக்கத்து அறையில் இருப்பார்; துணை சுகாதார நிலையத்தில் யாரைக் கேட்பது? மாதம் ஒருநாள் கிராமச் செவிலியர்களைப் பதிவேடுகளிலிருந்து விடுவித்து (அவற்றை எழுதுவதே ஒரு தனி உத்தியோகம்!) என்எல்சி மருத்துவமனையில் பயிற்சி தரலாம். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு மூத்த செவிலியரின் போன் எண்ணும் வேண்டும்.