குழாயடிப் பிரச்சனை

ஒரு மாசமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே வரலை. அதுல ஒரு ஆணி என் கால்லயே குத்திடுச்சு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுறவன் புலம்பல்னு பாதியில ஓடிடாதீங்க மக்களே. எதையாவது காப்பி பண்ணி எங்கேயாவது ஒட்டுற எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு.

முதல்ல மேட்டர் என்னன்னு சொல்லிடறேன். எங்களை மாதிரி ஆளுங்க நாள் முழுக்க டெர்மினல்னு ஒரு கருப்புத் திரை முன்னாடி உட்கார்ந்திருப்போம். ஒரு கட்டளை கக்குற எழுத்தை இன்னொரு கட்டளைக்குள்ள அனுப்ப நடுவுல ஒரு நேர்கோடு போடுவோம். அதுக்குப் பேர் பைப், நம்ம குழாய்தான். இந்தக் குழாயோட மறுமுனையை இன்டர்நெட்ல கொண்டுபோய் விட்டா? எழுத்து நேரா ஒரு சர்வருக்குப் போகும், சின்னதா ஒரு லிங்க் திரும்பி வரும். லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் படிச்சுக்கலாம். பேஸ்ட்பின் 2002-லயே வந்துடுச்சு, ஆனா அதுக்கு பிரவுசரைத் திறக்கணும். குழாய் வழிக்கு அதுவும் வேணாம். ஓ மை இசட்எஸ்ஹெச்னு 2009-ல தொடங்கின ஒரு தொகுப்பு இருக்கு. அதுல ஸ்ப்ரஞ்ச்னே ஒரு பிளகின். கோப்பு பேரைக் கொடுத்தாலும் சரி, குழாய்ல விட்டாலும் சரி, லிங்க் வரும். டெர்ம்பின் இன்னும் சுலபம். நெட்கேட்னு பழைய கருவி ஒண்ணு, 9999-ங்கிற போர்ட், அவ்ளோதான்.

கீழ்பென்னாத்தூர்ல உட்கார்ந்து வேலை பாக்குறவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு சென்னைல இருக்கிறவனுக்குப் புரியாது. எங்க வீட்ல சிக்னல் ஒரு கோடு காட்டினா பெரிய விஷயம். தீபத்துக்கு மலைக்குக் கூட்டம் வர்ற நாள்ல அந்த ஒரு கோடும் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். எழுத்து அப்படி இல்லை. 'கீழ்பென்னாத்தூர்' எட்டு எழுத்து, யூனிகோட் யுடிஎஃப்-8-ல அதுக்கு 48 பைட். (தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியா! அந்தக் கடுப்பு வேற பதிவுக்கு.) அப்படியும் இருநூறு வரி லாக் இருபது கேபி தாண்டாது. சட்னு போயிடும். வாங்குறவன் அதுல தேடலாம், காப்பி பண்ணலாம். ஸ்க்ரீன்ஷாட்ல என்ன பண்ண முடியும், சாமி படம் மாதிரி பாக்கத்தான் முடியும்.

சரி, குத்தின கதை. ஒரு ராத்திரி பன்னெண்டரை. ஒரு சர்வீஸ் டேட்டாபேஸோட பேச மாட்டேன்னு அடம். சென்னைல இருக்கிற கூட்டாளி "என்ன எர்ரர்னு அனுப்புடா"ன்னான். உள்ளேர்ந்து அம்மா "மணி என்னாவுது, இன்னும் என்னாடா பண்ணிக்கினு இருக்க"ன்னு ஒரு சத்தம். லாகையும் என்விரான்மென்ட் வேரியபிள் மொத்தத்தையும் சேர்த்து குழாய்ல விட்டேன். லிங்க் வந்துச்சு, அனுப்பினேன். மூணு நிமிஷத்துல போன்.

"மச்சான், பதினேழாவது வரியைப் பாரு."

பார்த்தேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பச்சையா. டெஸ்ட் டேட்டாபேஸ் இல்லை, கஸ்டமரோடது.

அழிக்கலாம்னு போனா, அழிக்கிறதுக்குக் கட்டளையே கிடையாது. டெர்ம்பின்ல போட்டது ஒரு மாசம் இருக்கும், அதுதான் விதி. போன வழியாவது பத்திரமான்னா, அதுவும் இல்லை. நெட்கேட் எந்த மறையாக்கமும் இல்லாம அப்படியே அனுப்பும். லிங்க் யாருக்குத் தெரியப் போகுதுன்னு மனசைத் தேத்திக்கப் பார்த்தேன். கடைசி நாலு எழுத்துதான், ஆங்கிலச் சின்ன எழுத்து 26, எண் 10. பெருக்கிப் பார்த்தா மொத்தமே 16 லட்சத்து 79 ஆயிரம் சொச்சம். மனுஷனுக்குப் பெரிய எண், ஒரு ஸ்க்ரிப்டுக்கு ஒண்ணுமே இல்லை. டீம் லீடை எழுப்பி விஷயத்தைச் சொல்லி, பாஸ்வேர்டை மாத்தி, அதை நம்பி இருந்த அத்தனை சர்வீஸையும் ஒவ்வொண்ணா ரீஸ்டார்ட் பண்ணி முடிக்கும்போது பால்காரர் மணி அடிச்சுட்டார்.

தப்பு என்னோடது, நூத்துக்கு நூறு. ஆனா நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சீங்கன்னா, 2025 நவம்பர்ல வந்த சேதியைத் தேடிப் பாருங்க. வாட்ச்டவர்னு ஒரு பாதுகாப்பு நிறுவனம், ஜேசன்ஃபார்மேட்டர், கோட்பியூட்டிஃபைங்கிற ரெண்டு தளத்துல ஜனங்க சேமிச்சு வெச்ச துண்டுகள் 80 ஆயிரத்துக்கு மேல எடுத்துப் பார்த்தாங்க. பாஸ்வேர்டும் சாவியுமா கொட்டிக் கிடந்துச்சு. வங்கி, அரசு அலுவலகம்னு எந்த வகையும் பாக்கி இல்லை. அத்தனை பேரும் முட்டாளா என்ன? எழுத்தை அழகா அடுக்கிப் பார்க்கப் போனவங்க, சேமிங்கிற பொத்தானை அமுக்கினாங்க. அவ்ளோதான்.

இதுக்கு நம்ம அரசாங்கம் கண்டுபிடிச்ச தீர்வும் ஒண்ணு உண்டு. 2014 டிசம்பர் 17 தேதியிட்ட உத்தரவுல தொலைத்தொடர்புத் துறை 32 தளங்களை முடக்கச் சொல்லுச்சு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல. காரணம், ஐஎஸ் ஆளுங்க அங்கே எதையோ போடுறாங்களாம். பட்டியல்ல பேஸ்ட்பின், கிட்ஹப் கிஸ்ட், பேஸ்டி மாதிரி துண்டுத் தளங்கள்தான் நிறைய. கூடவே விமியோ, பழைய இணையப் பக்கமெல்லாம் காப்பாத்தி வைக்கிற ஆர்க்கைவ் தளம் வேற. நான் அப்போ ஸ்கூல் பையன், எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க சீனியர்கள் இன்னிக்கும் சொல்லித் திட்டுவாங்க. அப்புறம் சிலதுக்குத் தடையை எடுத்தாங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற வேலை. நான் கேக்குறது அது இல்லை.

நான் கேக்குறது ஒரே ஒரு நொடி. இந்தக் கருவிகளை எழுதுறவங்க வேகத்தையே வேதமா வெச்சிருக்காங்க. அந்த ஸ்ப்ரஞ்ச் பிளகின்ல கோப்பு பேரைத் தப்பா அடிச்சீங்கன்னா பிழைன்னு சொல்லாது. அந்தப் பேரையே ஒரு வாக்கியமா எடுத்துக்கிட்டு இன்டர்நெட்ல ஏத்திடும்! அதோட விளக்கக் குறிப்புலயே இது எழுதியிருக்கு, ஏதோ அம்சம் மாதிரி. ஒரு கோப்பை அழிக்கப் போனா "நிச்சயமா?"னு கேக்க வைக்க ஒரு வழி இருக்கு. ஊருக்கே காட்டப் போறப்ப மட்டும் ஏன் கேக்கக் கூடாது? அழிஞ்சதை பேக்கப்புலேர்ந்து எடுக்கலாம். ஊர் பார்த்ததை எங்கேர்ந்து எடுக்குறது?

அந்தப் பழைய வரியை என் செட்டிங்ஸ்லேர்ந்து தூக்கிட்டு நானே சின்னதா ஒரு பங்ஷன் எழுதிக்கிட்டேன். பதினாலு வரி. குழாய்ல வர்றதை முதல்ல ஒரு தற்காலிகக் கோப்புல பிடிக்கும். பாஸ்வேர்டு, டோக்கன், சீக்ரெட் மாதிரி வார்த்தை கண்ணுல பட்டா நின்னுடும். இல்லைன்னா எத்தனை வரின்னு சொல்லி, திரையில காட்டி, போகட்டுமான்னு கேக்கும். போற இடமும் ஊரான் சர்வர் இல்லை. டெர்ம்பினை ஓட்டுற ஃபீச்ங்கிற நிரலோட மூலம் திறந்தே கிடக்கு, அதை நம்ம சர்வர்லயே, விபிஎன்னுக்குள்ள வெச்சாச்சு.

"இவ்ளோ கேள்வி கேட்டா நான் பிரவுசர்லயே ஒட்டிடுவேனே"ன்னான் கூட்டாளி. நியாயம்தான். அவன் இன்னும் பழைய வழியிலதான் போறான். எனக்கு அந்த ஒரு நொடி, பதினேழாவது வரியை நானே பார்க்கக் கிடைச்சிருக்கும்.

அந்த லிங்க்கை தினமும் காலையில திறந்து பார்ப்பேன், புண்ணைச் சொறியற மாதிரி. பாஸ்வேர்டு செத்துப் போச்சு, ஆனா வரி அங்கேயே சிரிச்சுக்கிட்டு இருக்கும். போன வாரம் ஒரு நாள் திறந்தேன், ஒண்ணும் இல்லை. அதுக்கப்புறம்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

டிஸ்கி: அந்த பதினாலு வரி வேணும்கிறவங்க கேளுங்க, தர்றேன். எந்த வழியா அனுப்புறதுன்னுதான் யோசிக்கணும் :-)