கும்மிடிப்பூண்டியிலும் கேம் வகுப்பு வேண்டும்



எட்டு ஆண்டுகளாக அனிமேஷன் வேலை பார்க்கிறேன். இப்போது கேம் உருவாக்கத்துக்கான மூன்று மாதத் தீவிரப் பயிற்சிக்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் தினமும் சென்னைக்குப் போய் வருகிறேன். புது மென்பொருள் பழகினால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்; ஆனால் அப்படியில்லை. படத்தில் ஒருவரை நடக்கவிட்டால் விநாடிக்கு 24 ஃபிரேம், அவர் எங்கே நிற்பார் என்பது என் கையில். கேமில் அது ஆடுபவர் கையில். கால் பாதி தூக்கியிருக்கும்போதே பொத்தானை விட்டுவிடுவார். அந்தக் கால் வழுக்காமல் தரைக்கு வந்தாக வேண்டும். இதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இதைக் கற்றால் நம் கதைகளையும் கேமாக்கலாம். டொராண்டோவில் உருவான 'வெண்பா' கேம் 2023-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே பாஃப்டா விருது பெற்றது. இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்குவதும் அதில் ஒரு புதிர்! நம் அடுக்களைக்குள்ளேயே கதை இருக்கிறது.

எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளில் நன்றாகப் படம் வரைபவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்குப் போய்வர அவர்களுக்கு நேரமில்லை. அனிமேஷனுக்கான பிளெண்டர், கேமுக்கான கோடாட் இரண்டும் இலவச மென்பொருள்கள். 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் வார இறுதி வகுப்புகள் தொடங்க அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி