இரண்டரை அடிக் கதவு

போன ஐப்பசி அடைமழையில் என் மாமியார் குளியலறை நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். வயது 76. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன், 15 நாள் ஆஸ்பத்திரி வாசம். வாக்கரோடு வீடு திரும்பிய பிறகுதான், கேளுங்கள் கூத்தை, அந்த வாக்கர் குளியலறைக்குள் நுழையவே இல்லை! இரண்டரை அடிக் கதவு என்று பேர். நிலைச்சட்டம் போக, கதவின் தடிமன் போக, மிஞ்சுவது 24 அங்குலம்கூட இல்லை. "இந்த வீட்டைக் கட்டும்போது எனக்கு வயசாகும்னு ஒருத்தருக்கும் தோணலையே!" என்று அத்தை சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டு மூன்று நாளில் வேலையை முடித்தோம். நிலைப்படியை இடித்துத் தரையோடு சமமாக்கி, தண்ணீர் வெளியே வராதபடி உள்பக்கம் வாட்டம் கொடுத்தோம். நிலையைப் பெயர்த்து அகலமாக்கி, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தோம். சகோதரிகளே, இது முக்கியம். உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை நம்மால் தள்ளவே முடியாது. டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி. அதைச் செங்கல்வரைக்கும் துளை போட்டுத்தான் முடுக்க வேண்டும். டைல்ஸில் அழுத்தி ஒட்டவைக்கிற ரப்பர் கைப்பிடியை வாங்காதீர்கள், ஆள் பாரம் தாங்காது.

வாசலில் சாய்தளம் போடலாமே என்றேன். "ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்மா" என்றார் மேஸ்திரி. எங்கள் வாசல் ஒன்றேகால் அடி. சாய்தளம் பாதித் தெருவுக்குப் போய் நிற்கும்! படிகளைப் பாதி உயரமாக்கி, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்ததோடு சரி.

சொந்த வீடு, இடித்தோம், பூசினோம். அடுத்தவர் ஒதுக்கிக் கொடுக்கும் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் பல வருஷமாகக் குடியிருந்தவர்களின் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று 2025 மே மாதம் இடித்தார்கள். பெரும்பாக்கம், கீரப்பாக்கம் பக்கம் மாற்று வீடு என்றார்கள். வேலை போச்சே, பள்ளிக்கூடம் தூரமாச்சே என்றுதான் எல்லோரும் பேசினோம். அதுவும் நியாயம்தான். மாடிப்படியைப் பற்றி நான் கேட்க ஒருவரும் பேசவில்லை.

எங்களுக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் அதற்கும் சில வருஷம் முன்பே வேறொரு குடியிருப்புக்குப் போனவர். எந்த இடம் என்பது வேண்டாம். நாலாவது மாடி. அவருடைய தாயாருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. "லிஃப்ட் ஓடுனா கெழவி கீழ வரும். ஓடலேன்னா ஜன்னல்தாம்மா" என்றார், கோயிலில் பார்த்தபோது.

"கீழ் வீடு கேட்கலையா?"

"கேக்கலாம்னே தெரியாதும்மா."

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 37: அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். வாதத்தால் நடக்க முடியாமல் போனவர்களும் டாக்டர் பரிசோதனைக்குப் போய் வாங்கலாம். அந்தப் பிரிவில் தரைத்தளம் என்று எழுதவில்லைதான். இருந்தாலும் பிரிவைக் குறிப்பிட்டு, சான்றின் நகலை இணைத்து, குலுக்கலுக்கு முன்பே மனுக் கொடுத்துவிடுங்கள். சாவி வாங்கிய பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் என்று ஆரம்பித்ததுதான் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மனு அவர்களுக்குத்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். அங்கே அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளை வீவக வீடு என்கிறார்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதாம். 2001-லிருந்து ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி மாற்றத் தொடங்கினார்களாம். 2012 முதல் 65 வயதானவர் இருக்கும் வீட்டுக்குக் கைப்பிடி, வழுக்காத குளியலறைத் தரை, சின்னச் சாய்தளம் எல்லாம் போட்டுத் தருகிறார்கள். செலவில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. இங்கிலாந்தில் ஊர்க் கவுன்சிலே வருமானத்தைப் பார்த்து, இந்த வேலைகளுக்கு 30,000 பவுண்டுவரை மானியம் தருகிறதாம். நமக்கு வரி கட்டத் தெரியும். இதைக் கேட்கலாம் என்று தோன்றுவதே இல்லை.

2021-ல் அனகாபுத்தூர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மறு வருஷம் நவம்பர் 1-ந் தேதி, பக்கத்துப் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். நம் குறையை எழுந்து நின்று சொல்லத்தானே அந்தக் கூட்டம்? நான் அன்று சமையலை விட்டுப் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். கேட்க வேண்டியதை அத்தையின் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

"நானும் வரேன்" என்கிறார் அத்தை, வாக்கரைத் தட்டிக்காட்டி. கூட்டம் நடக்கும் இடத்தில் எத்தனை படி என்று முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.